கடலோர வீடும் வெள்ளக் காப்பீடும்: கட்டணத்தை எதிர்க்கலாம், பாலிசியைக் கைவிடக்கூடாது

நியூ ஜெர்சி, டெக்சஸ், புளோரிடா என்று அமெரிக்காவின் கடலோர மாநிலங்களில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் ஏராளம். வீட்டுக்கடன், பள்ளிக்கூடம், சொத்துவரி என எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து வாங்குகிறவர்கள்கூட வெள்ளக் காப்பீட்டைக் கடன் பத்திரத்தோடு வரும் இன்னொரு தாளாகவே நினைத்துவிடுகிறார்கள். அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீடு தீ, திருட்டு, புயல்காற்று போன்றவற்றுக்கு ஈடு தரும். வெள்ளத்துக்குத் தராது. அதற்குத் தனி பாலிசி வேண்டும். அந்தப் பாலிசியின் விலைக்காக அமெரிக்கக் கடலோர மக்கள் பத்தாண்டுக்கும் மேலாகப் போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டம் எதற்காக, அதில் கிடைத்த உரிமைகள் என்னென்ன, அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு வீட்டு உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும்.

சீர்திருத்தம் ஏன் வந்தது?

வெள்ளம் வந்தால் ஒரே நாளில் ஊர் முழுக்க இழப்பு ஏற்படும். அதனால் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இந்தத் துறையிலிருந்து ஒதுங்கியே நின்றன. 1965இல் பெட்ஸி சூறாவளி லூசியானாவைச் சூறையாடிய பிறகு, 1968இல் அமெரிக்க அரசே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஃபீமா என்று அழைக்கப்படும் மத்தியப் பேரிடர் மேலாண்மை முகமை இப்போது இதை நடத்துகிறது. அதிக அபாயப் பகுதியில் இருக்கும் கட்டடத்துக்கு மத்திய அரசின் கண்காணிப்பிலுள்ள வங்கியில் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்று 1973இல் சட்டம் வந்தது.

வெள்ள வரைபடம் வரைவதற்கு முன்பே கட்டப்பட்ட பழைய வீடுகளுக்கு அரசு கட்டணச் சலுகை தந்தது. அபாயம் தெரியாமல் கட்டியவர்களைத் தண்டிக்கக்கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் 2005இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது திட்டம் ஏறக்குறைய 1,600 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. வசூலான பிரீமியம் போதாமல் அரசுக் கருவூலத்தில் கடன் வாங்கினார்கள்.

இந்தக் கடனைத் தீர்க்கும் நோக்கில் வந்ததுதான் பிகர்ட்-வாட்டர்ஸ் வெள்ளக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம். குடியரசுக் கட்சியின் ஜூடி பிகர்ட், ஜனநாயகக் கட்சியின் மேக்ஸின் வாட்டர்ஸ் ஆகிய இருவர் பெயரையும் தாங்கிய இந்தச் சட்டத்தில் 2012 ஜூலை 6 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். இரண்டாம் வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் மீண்டும் மீண்டும் மூழ்கிய வீடுகளுக்கும் தந்துவந்த சலுகை ஆண்டுக்கு 25 சதவீதம் கட்டண உயர்வின் வழியே படிப்படியாக நீங்கும். சலுகை பெற்ற வீட்டை விற்றால் வாங்குகிறவர் உடனே முழுக் கட்டணம் கட்ட வேண்டும். வரைபடம் மாறினாலும் பழைய கட்டணத்திலேயே நீடிக்கும் வசதி முடிவுக்கு வரும் என்றது சட்டம். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று சாண்டி சூறாவளி நியூ ஜெர்சி, நியூயார்க் கரைகளைத் தாக்கியது. வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அதை மீண்டும் கட்டத் தொடங்கிய வேளையில் புதிய கட்டணங்கள் அமலுக்கு வந்தன.

கடலோர மக்கள் ஏன் எதிர்த்தார்கள்?

லூசியானாவின் செயின்ட் சார்ல்ஸ், லஃபூர்ஷ், பிளாக்மின்ஸ் வட்டாரங்களில் முதல் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அங்கே வாழ்கிறவர்களில் பலர் கடல் அழகுக்காக மாளிகை கட்டிய செல்வந்தர்கள் அல்ல. மீன்பிடிப்பு, எண்ணெய் ஆலை, துறைமுகம் ஆகியவற்றை நம்பித் தலைமுறைகளாக இருப்பவர்கள். சில நூறு டாலர் கட்டிவந்த குடும்பங்களுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டண மதிப்பீடு வந்தது. அவ்வளவு கட்டணம் உள்ள வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். ஆயுள் முழுவதும் சேர்த்த ஒரே சொத்து விற்க முடியாத சுமையாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. உள்ளூர் மக்கள் சொந்த வரிப்பணத்தில் கட்டிய வெள்ளத் தடுப்புக் கரைகளை மத்திய அரசின் தரச்சான்று இல்லை என்ற காரணத்துக்காக வரைபடங்கள் கணக்கில் எடுக்கவில்லை. கண்ணெதிரே நிற்கும் கரை தாளில் இல்லை. அந்தத் தாளை வைத்துக் கட்டணம் கேட்டால் எப்படி என்று மக்கள் கேட்டது முழுக்க நியாயம்.

நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தின் பொருளாதார வளர்ச்சி அமைப்பான கிரேட்டர் நியூ ஆர்லியன்ஸ் நிறுவனம் பல மாநிலங்களின் உள்ளாட்சிகளையும் வீடு விற்பனையாளர்களையும் வங்கிகளையும் சேர்த்து ஒரு கூட்டணியை உருவாக்கியது. நியூ ஜெர்சியில் சாண்டியால் பாதிக்கப்பட்டவர்கள் 'ஸ்டாப் ஃபீமா நவ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். கோபம் மட்டும் இருந்திருந்தால் இந்தப் போராட்டம் சில மாதங்களில் அடங்கியிருக்கும். போராடியவர்கள் சட்டத்தை வரிவரியாகப் படித்தார்கள். மக்களால் இந்தக் கட்டணத்தைத் தாங்க முடியுமா என்று ஃபீமா ஆய்வு செய்ய வேண்டும் என அதே சட்டம் சொல்லியிருந்தது. அந்த ஆய்வு முடியாமலே கட்டணம் ஏறியது. இதைச் சுட்டிக்காட்டி 2013இல் மிசிசிப்பி மாநிலக் காப்பீட்டுத் துறை ஃபீமா மீது வழக்குத் தொடுத்தது. சட்டத்துக்குப் பெயர் கொடுத்த மேக்ஸின் வாட்டர்ஸே கட்டண உயர்வைத் தள்ளிப்போட வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

விளைவு, 2014 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை 306-91 என்றும் செனட் 72-22 என்றும் வாக்களித்து ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றின. மார்ச் 21 அன்று அது சட்டமானது. வீட்டை விற்றால் உடனே முழுக் கட்டணம் என்ற விதி நீங்கியது. கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. குடியிருக்கும் வீட்டின் பிரீமியம் பொதுவாக ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வரம்பு வந்தது. பாலிசிதாரர்களுக்கு உதவ ஃபீமாவுக்குள்ளேயே ஒரு தனி அலுவலகம் அமைந்தது. அதே சமயம், எல்லாப் பாலிசிக்கும் ஒரு கூடுதல் கட்டணம் சேர்ந்தது: குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 25 டாலர், மற்றவற்றுக்கு 250 டாலர்.

இப்போதைய முறை

2017இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்த பிறகும் திட்டத்தின் தலையில் 2,000 கோடி டாலருக்கு மேல் கடன் நின்றது. 2021 அக்டோபரில் ஃபீமா 'ரிஸ்க் ரேட்டிங் 2.0' என்ற புதிய கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. முன்பு வரைபட மண்டலத்தையும் தரைமட்ட உயரத்தையும் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். இப்போது நீர்நிலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு, வெள்ளம் எத்தனை வழியில் வரலாம் என்பது வரை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். முன்பு சிறிய வீட்டுக்காரர்கள் பெரிய வீட்டுக்காரர்களின் அபாயத்துக்கும் சேர்த்துக் கட்டிவந்தார்கள். அந்த அநீதி இதில் குறைந்திருக்கிறது. ஆனால் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பது வெளிப்படையாக இல்லை, கரைகளுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று கூறி 2023 ஜூனில் லூசியானா தலைமையில் 10 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன.

18 சதவீத வரம்பு பெரிய பாதுகாப்பு போலத் தோன்றலாம். ஆண்டுதோறும் அதே அளவு ஏறினால் 1,000 டாலர் பிரீமியம் நான்கே ஆண்டில் 1,900 டாலரைத் தாண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு அது மருந்துச் செலவோடு போட்டிபோடும் தொகை. 2022இல் ஃபீமாவே குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண உதவி தேவை என்று காங்கிரஸுக்கு முன்மொழிந்தது. மக்கள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டியது இதைத்தான்: அபாயத்தை மறைக்காத கட்டணம், கட்ட இயலாதவருக்கு நேரடி உதவி.

பாலிசியைக் கைவிட்டால் என்ன ஆகும்?

கட்டணம் ஏறுகிறது என்பதற்காகப் பாலிசியை விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. அதிக அபாய மண்டலத்தில் இருக்கும் வீட்டுக்கு 30 ஆண்டுக் கடன் காலத்தில் பெருவெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேல். மண்டலத்துக்கு வெளியே இருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2014 முதல் 2018 வரை வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதிக அபாய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்தவை என்கிறது ஃபீமா. 2017இல் ஹார்வி சூறாவளியின்போது ஹூஸ்டனுக்கு மேற்கே பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டி மூழ்கிய வீடுகளில் பல அந்த மண்டலத்தில் இல்லாதவை. பாலிசி இல்லாதவருக்கு அரசு தரும் பேரிடர் மானியம் வீட்டைத் திரும்பக் கட்டப் போதாது.

பாலிசி விட்டுப்போனால் சலுகையும் போய்விடும். மீண்டும் எடுக்கும்போது முதல் நாளிலிருந்தே முழு அபாயக் கட்டணம் கட்ட நேரிடும். தனியார் பாலிசி மலிவாக இருக்கிறதென்று மாறுகிறவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். தகுதியுள்ள தனியார் பாலிசியை வங்கிகள் ஏற்க வேண்டும் என்ற விதி 2019 ஜூலை முதல் இருக்கிறது. ஆனால் தனியார் நிறுவனம் பிறகு உங்கள் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்தால், அரசுத் திட்டத்தின் பழைய சலுகைக் கட்டணத்துக்குத் திரும்ப முடியாது.

உங்கள் உரிமைகள்

வீடு வாங்கும்போது: வெள்ள வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் 2024 மார்ச் முதல், புளோரிடாவில் 2024 அக்டோபர் முதல், விற்பவர் வெள்ளம் குறித்த விவரங்களை வெளிப்படுத்த வேண்டும். விற்பவரின் அரசு பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்படி மாற்றினால் அவர் கட்டும் குறைந்த கட்டணத்திலிருந்து ஆண்டு வரம்புக்கு உட்பட்டே உயரும். புதிதாக எடுத்தால் தொடக்கமே முழுக் கட்டணம்.

உங்களிடம் பாலிசி இல்லையென்று வங்கி தானாகப் பாலிசி எடுத்தால்: முதலில் உங்களுக்கு எழுத்தில் அறிவித்து 45 நாள் அவகாசம் தர வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே பாலிசி இருந்ததற்குச் சான்று கொடுத்தால், இரண்டும் சேர்ந்திருந்த காலத்துக்குப் பிடித்த பணத்தை 30 நாளில் திருப்பித் தர வேண்டும்.

வரைபடம் மாறும்போது: புதிய வரைவு வெளியானபின் 90 நாள் மேல்முறையீட்டுக் காலம் உண்டு. வெறும் ஆட்சேபம் செல்லாது. அளவீடும் தொழில்நுட்பச் சான்றும் வேண்டும். நியூயார்க் நகரம் 2015இல் இப்படி மேல்முறையீடு செய்ய, அடுத்த ஆண்டு ஃபீமா வரைபடத்தைத் திருத்த ஒப்புக்கொண்டது. உங்கள் வீடு மட்டும் உயரமான இடத்தில் இருந்தால், சர்வேயரின் உயரச் சான்றிதழோடு மண்டலத்திலிருந்து விடுவிக்கக் கோரலாம். அதற்கு ஃபீமா கட்டணம் வாங்குவதில்லை.

வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

பிரீமியத்தைக் குறைக்கும் வழிகள்

உயரச் சான்றிதழ் இப்போது கட்டாயம் இல்லை. ஆனால் அதைக் கொடுத்துக் கட்டணம் குறைந்தால் குறைந்த கட்டணமே பொருந்தும். அடித்தளச் சுவரில் நீர் வெளியேறும் திறப்புகள் அமைப்பது, ஏசி, ஹீட்டர் போன்ற சாதனங்களை மேல்மட்டத்துக்கு மாற்றுவது, வீட்டையே தூண்கள்மேல் உயர்த்துவது ஆகியவற்றுக்குக் கட்டணக் கழிவு உண்டு. சொந்தப் பொறுப்புத் தொகையை, அதாவது டிடக்டிபிளை, 10,000 டாலர் வரை கூட்டினால் பிரீமியம் குறையும். இதற்கு வங்கியின் சம்மதம் வேண்டும். அந்தத் தொகை கையிருப்பில் இருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யட்டும்.

ஊராகச் சேர்ந்து செய்யக்கூடியது இன்னும் பெரியது. வடிகால், திறந்தவெளிப் பாதுகாப்பு, கட்டட விதிகள் ஆகியவற்றில் நன்றாகச் செயல்படும் உள்ளாட்சிகளுக்கு ஃபீமா மதிப்பீடு வழங்கி, அந்த ஊரில் உள்ள பாலிசிகளுக்கு 5 முதல் 45 சதவீதம் வரை கழிவு தருகிறது. உங்கள் ஊர் அதில் சேர்ந்திருக்கிறதா, எந்தப் படியில் இருக்கிறது என்று நகர்மன்றக் கூட்டத்தில் கேளுங்கள்.

இழப்பீடு கோரும்போது

அரசு பாலிசியில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000 டாலர். இரண்டும் தனித்தனியே எடுக்க வேண்டியவை. நிலவறைக்கு ஈடு மிகக் குறைவு. வேறிடத்தில் தங்கும் செலவு கிடையாது. காருக்கும் இதில் ஈடு இல்லை. பாலிசி எடுத்த 30 நாள் கழித்தே பாதுகாப்பு தொடங்கும் என்பதால், புயல் செய்தி வந்தபின் எடுத்துப் பயனில்லை. வீட்டுக்கடன் வாங்கும்போது எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

வெள்ளம் வடிந்ததும் எதையும் தூக்கி எறியும் முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம், சாதனங்களின் வரிசை எண், தரைவிரிப்பின் ஒரு துண்டு, ரசீதுகள் எல்லாம் சான்றுகள். முன்பணம் கேட்கலாம். கையொப்பமிட்ட இழப்புச் சான்றை இழப்பு நேர்ந்த 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதம் வந்த 60 நாளுக்குள் ஃபீமாவிடம் மேல்முறையீடு செய்யலாம். வழக்குத் தொடுக்க, முதல் மறுப்புக் கடிதத்திலிருந்து ஓராண்டு மட்டுமே அவகாசம். வீடு இருக்கும் வட்டாரத்தின் மத்திய நீதிமன்றத்தில்தான் தொடுக்க முடியும். மேல்முறையீடு நடக்கிறது என்பதற்காக இந்த ஓராண்டு நீளாது. சேதம் வீட்டின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால் புதிய விதிப்படி உயர்த்திக் கட்ட வேண்டிவரும்; அதற்கு 30,000 டாலர் வரை தனி உதவி கேட்க முடியும்.

மறுப்போ குறைந்த தொகையோ வந்தால் அதோடு ஒதுங்கிவிடாதீர்கள். சாண்டிக்குப் பின் பொறியாளர் அறிக்கைகள் மாற்றப்பட்டதாகப் புகார்கள் குவிந்தன. பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் கேட்டதால்தான் 2015இல் ஃபீமா தன் கோப்புகளை மறுபடி திறந்து பரிசீலித்தது.

கடலோர மக்களின் எதிர்ப்பு அநியாயமான கட்டண உயர்வை ஒருமுறை தடுத்திருக்கிறது. அந்த எதிர்ப்பால் கடல் பின்வாங்கிவிடவில்லை. ஆகவே, கட்டணம் நியாயமில்லை என்று தோன்றினால் உங்கள் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுங்கள், நகர்மன்றத்தில் பேசுங்கள், வரைபடத்தைக் கேள்வி கேளுங்கள். இவற்றையெல்லாம் பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். இன்றே உங்கள் பாலிசியை எடுத்து, அது எந்த நாளில் முடிகிறது, எதற்கெல்லாம் ஈடு தருகிறது என்று படித்துப் பாருங்கள்.