சூழல் மண்டலத்தில் ஆற்றல் ஓட்டம்

சூழல் மண்டலத்தில் ஆற்றல் ஓட்டம் என்பது, சூரிய ஒளியாக வந்து தாவரங்களில் வேதியாற்றலாகச் சேரும் ஆற்றல், உண்ணுதல் வழியாக ஓர் உயிரியிலிருந்து மற்றோர் உயிரிக்குச் சென்று, இறுதியில் வெப்பமாக வெளியேறும் நிகழ்வைக் குறிக்கும். நீர், கார்பன், நைட்ரஜன் போன்ற பொருள்கள் சூழல் மண்டலத்தில் சுழன்று மீண்டும் மீண்டும் பயன்படுகின்றன. ஆற்றல் அவ்வாறு சுழல்வதில்லை. அது ஒரே திசையில் செல்கிறது. ஆகவே எந்தச் சூழல் மண்டலமும் நிலைத்திருக்க, ஆற்றல் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற வறண்ட நிலப்பகுதிகள் இந்த ஓட்டத்தை விளக்க ஏற்றவை. அங்கு வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வெயிலில் எவ்வளவு உயிர்களுக்குள் நுழைகிறது என்பதை நீரே முடிவு செய்கிறது.

வெயிலும் நீரும்

பச்சையம் கொண்ட தாவரங்களும் பாசிகளும் ஒளிச்சேர்க்கை மூலம் சூரிய ஒளியை உணவாக மாற்றுகின்றன. இவை உற்பத்தியாளர்கள் எனப்படும். தம் மேல் விழும் ஒளியாற்றலில் ஏறத்தாழ 1 விழுக்காட்டையே இவை உணவாகச் சேர்க்கின்றன. அதிலும் ஒரு பகுதியைத் தம் சுவாசத்துக்குச் செலவிடுகின்றன. எஞ்சுவது நிகர முதல்நிலை உற்பத்தி எனப்படும். மற்ற எல்லா உயிர்களும் பங்கிட்டுக்கொள்ளும் உணவு இதுவே.

ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான கார்பன் டை ஆக்சைடு, இலைத்துளைகள் வழியாக இலைக்குள் செல்கிறது. மண்ணில் ஈரம் குறையும்போது, நீரிழப்பைத் தடுக்கத் தாவரம் அத்துளைகளை மூடிக்கொள்கிறது. அப்போது வெயில் எவ்வளவு அடித்தாலும் உணவு உற்பத்தி குறைந்துவிடும். 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றவும், பின்னர் பட்டாசுத் தொழில் வளரவும் உதவிய அதே வறண்ட வானிலை, மானாவாரிப் பயிர்களை வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கச் செய்கிறது.

கரியில் தங்கிய வெயில்

பட்டாசில் பயன்படும் கருமருந்து வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவற்றின் கலவையாகும். இதில் கரித்தூள் முதன்மை எரிபொருள்; வெடியுப்பு எரிவதற்கான ஆக்சிஜனைத் தருகிறது. கரி மரத்திலிருந்து கிடைப்பதால், அதில் இருப்பது மரம் முன்பு சேர்த்துவைத்த சூரிய ஆற்றலே. கருமருந்தில் அது நொடிப்பொழுதில் ஒளியாகவும் ஒலியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது.

உயிரிகளின் சுவாசத்திலும் கார்பன் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. ஆனால் அது படிப்படியாக நிகழ்கிறது. வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி உடலின் வேலைகளுக்குப் பயன்படுகிறது, மற்றது வெப்பமாகிறது. இரண்டிலும், வெளியேறிய வெப்பத்தை எந்தத் தாவரமும் மீண்டும் உணவாக்க முடியாது.

ஊட்ட நிலைகளும் 10 விழுக்காடு விதியும்

சோளக் காட்டில் வெட்டுக்கிளி இலையைத் தின்கிறது. வெட்டுக்கிளியை ஓணான் பிடிக்கிறது. ஓணானை வல்லூறு தூக்கிச் செல்கிறது. இது ஓர் உணவுச் சங்கிலி. இதில் சோளம் உற்பத்தியாளர். வெட்டுக்கிளி முதல்நிலை நுகர்வோர். ஓணான் இரண்டாம் நிலை நுகர்வோர். வல்லூறு மூன்றாம் நிலை நுகர்வோர். ஒவ்வொரு படியும் ஓர் ஊட்ட நிலை எனப்படும். ஓர் உயிரி பலவற்றை உண்பதால், சங்கிலிகள் பின்னி உணவு வலை உருவாகிறது.

ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சராசரியாக 10 விழுக்காடு ஆற்றலே செல்கிறது. இக்கருத்துக்கு அடிப்படையிட்டவர் அமெரிக்கச் சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமன். மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை, அவர் 26 வயதில் இறந்த 1942ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

சோளப்பயிரில் 1,000 ஜூல் ஆற்றல் இருந்தால், வெட்டுக்கிளிகளில் 100, ஓணான்களில் 10, வல்லூறில் 1 ஜூல் என்ற அளவில் அது குறையும். இழப்புக்குக் காரணங்கள் மூன்று:

1. கீழ்நிலை உயிரிகள் முழுவதும் உண்ணப்படுவதில்லை. வேரும் தண்டும் எஞ்சுகின்றன.
2. உண்டது முழுவதும் செரிப்பதில்லை. ஒரு பகுதி கழிவாகிறது.
3. செரித்ததில் பெரும்பகுதி சுவாசத்தில் செலவாகி வெப்பமாகிறது.

10 விழுக்காடு என்பது சராசரியே. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்க வேண்டிய பறவைகளும் பாலூட்டிகளும் உணவின் பெரும்பகுதியை அதற்கே செலவிடுகின்றன. பூச்சிகளும் ஊர்வனவும் அந்த அளவுக்குச் செலவிடுவதில்லை.

கண்மாய்

தென் மாவட்டக் கண்மாய்கள் மழைநீரைத் தேக்கிப் பயிர் உற்பத்தியை நீட்டிக்கின்றன. கண்மாய் நீரிலும் தனி உணவுச் சங்கிலி உண்டு. நுண்பாசிகளை நீர்த்தெள்ளு போன்ற நுண்விலங்குகள் உண்கின்றன. அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களை விராலும் நீர்க்காகமும் உண்கின்றன. நீர் வற்றியபின் கண்மாய்த் தரையில் முளைக்கும் புல் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலாகிறது.

உண்ணப்படாத இலை, சாணம், இறந்த உடல்கள் ஆகியவற்றிலுள்ள ஆற்றல் பாக்டீரியா, பூஞ்சை போன்ற சிதைப்பவைகளுக்கும் மண்புழு போன்ற மட்குண்ணிகளுக்கும் செல்கிறது. அவை விடுவிக்கும் சத்துகளில் ஒரு பகுதி வண்டலில் தங்குகிறது. உழவர்கள் அந்தக் கரம்பை மண்ணை அள்ளி வயலில் இடும்போது சத்துகள் பயிருக்குத் திரும்புகின்றன. ஆனால் சிதைவின்போது வெப்பமாய்ப் போன ஆற்றல் திரும்புவதில்லை. பொருள் சுழற்சிக்கும் ஆற்றல் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சீமைக் கருவேலம்

கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவியுள்ள சீமைக் கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரமாகும். வறட்சியிலும் இது ஆற்றலைச் சேர்க்கிறது. ஆனால் இதன் பச்சை இலையை ஆடுமாடுகள் பொதுவாகத் தின்பதில்லை. நெற்றுகளை விரும்பித் தின்று விதைகளைப் பரப்புகின்றன. அடர்ந்த இடங்களில் புல்லும் நாட்டுச் செடிகளும் குறைவதால், அவற்றை நம்பிய உணவுச் சங்கிலிகள் மெலிகின்றன. மரத்தில் சேர்ந்த ஆற்றலில் கணிசமான பகுதி விறகாகவும் மூட்டக் கரியாகவும் ஊரைவிட்டு வெளியேறுகிறது. அதே வேளையில் கரி மூட்டம் பல குடும்பங்களின் பிழைப்பாகவும் உள்ளது. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது.

மலைக்காடும் புலியும்

ஆற்றல் படிதோறும் குறைவதால், மேல்நிலை வேட்டை விலங்குகள் எப்போதும் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். ஒரு புலி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான் அளவு விலங்குகளை வேட்டையாடுகிறது. இரையினம் குன்றாமல் அந்த 50 கிடைக்க, ஏறத்தாழ 500 இரை விலங்குகள் அப்பகுதியில் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அந்த 500க்கும் போதிய புல்லும் தழையும் வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள காடுகளை உட்படுத்தி, 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். புலி ஒன்றைக் காப்பது என்பது அதன் அடியிலுள்ள எல்லா ஊட்ட நிலைகளையும் காப்பதாகும். வைப்பாறும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் தோன்றுவதால், மலைக்காடு நிலைப்பது சமவெளியின் நீருக்கும் துணையாகிறது.

மனித உணவில்

ஒரு மூட்டை மக்காச்சோளத்தை மனிதர் நேரடியாக உண்டால் கிடைக்கும் ஆற்றலைவிட, அதைக் கோழிக்குத் தீவனமாக இட்டு அக்கோழியை உண்டால் கிடைப்பது மிகக் குறைவு. இடையில் ஓர் ஊட்ட நிலை கூடுவதே காரணம். ஆனால் மனிதரால் செரிக்க முடியாத புல்லையும் தட்டையையும் தின்று வளரும் ஆடுமாடுகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அவை மனிதருக்கு எட்டாத ஆற்றலைப் பாலாகவும் இறைச்சியாகவும் மாற்றித் தருகின்றன. மழை பொய்க்கும் ஆண்டில் தானியத்துடன் தட்டையும் மேய்ச்சற் புல்லும் குறைகின்றன; கால்நடைகளை விற்கும் நிலை முதலில் மானாவாரி உழவருக்கே வருகிறது.