மார்ஃபாவின் மண்சுவர்ப் பள்ளி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லைப் பக்கம் உள்ள சிற்றூர் மார்ஃபா. 1954இல் அங்குள்ள பிளாக்வெல் பள்ளியில் ஒரு சவ அடக்கம் நடந்தது. இனி ஸ்பானிய மொழி பேசமாட்டோம் என்று பிள்ளைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதவைத்து, அவற்றைப் பெட்டியில் போட்டுப் புதைத்தார்கள். இறந்தவர் பெயர் 'மிஸ்டர் ஸ்பானிஷ்'!

அந்தப் பள்ளி 2024 ஜூலையில் தேசிய வரலாற்றுத் தலமானது.

அங்கே ஊர்ப் பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்'. உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் சொத்து வரி வசூலித்து நடத்தும் தனி அமைப்பு அது. கட்டடமும் பதிவேடுகளும் அதன் பொறுப்பில் இருக்கும். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியே பிரித்துப் படிக்கவைக்கச் சொல்லி டெக்சாஸில் சட்டம் இருந்ததில்லை. ஆங்கிலம் தெரியாது என்று காரணம் காட்டிப் பள்ளி மாவட்டங்களே அதை வழக்கமாக்கின. 1909இல் கட்டிய பிளாக்வெல் 1965இல் மூடும்வரை அப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளைகளின் பள்ளியாகத்தான் இயங்கியது. ஸ்பானிய மொழி பேசினால் அடி விழும்.

மூடியபின் வளாகத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மிஞ்சியதும் போய்விடும் என்ற நிலையில், 2000களின் நடுவில் பழைய மாணவர்கள் சங்கம் அமைத்து, கட்டடத்தைப் பள்ளி மாவட்டத்திடம் குத்தகைக்கு எடுத்தார்கள். வீட்டுப் பெட்டிகளில் கிடந்த புகைப்படங்கள் சுவரேறின. பழைய மாணவர்களே தங்கள் நினைவுகளைக் காத்ததுதான் முக்கியம் என்பேன். வருகைப் பதிவேடு யார் வந்தார், யார் வரவில்லை என்று சொல்லும். யார் எதற்கு அடிவாங்கினார் என்று சொல்லாது.

கட்டடம் சுடாத மண்கல்லால் ஆனது. இத்தகைய சுவருக்குச் சிமென்ட் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேறாமல் மண்ணைக் கரைக்கும். மண் சாந்தோ சுண்ணாம்போ பூசி, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022 அக்டோபரில் கையெழுத்தானாலும், நிலம் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தபிறகே தலம் முறைப்படி அமைந்தது. பழைய மாணவர்களில் அடியை மறக்காதவர்களும் உண்டு. நல்ல ஆசிரியர்களையும் பள்ளி வாத்தியக் குழுவையும் பாசத்தோடு நினைப்பவர்களும் உண்டு. பலருக்கு இரண்டும் சேர்ந்த நினைவு. ஒன்றை மட்டும் காட்சிக்கு வைத்தால் அது பாதிப் பள்ளி. 1965இல் ஒன்றாம் வகுப்பில் இருந்தவருக்கே இப்போது அறுபது தாண்டிவிட்டது. சுவர்ப் பூச்சோடு கூடவே அவர்களுடைய குரல்பதிவும் நடந்தாக வேண்டும்.