இரு குன்று நாடுகளின் காட்டுக் கணக்கு

ஆப்பிரிக்காக் கண்டத்தின் நடுப்பகுதியில், கடற்கரையற்ற இரு சிறு நாடுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வடக்கே ருவாண்டா; தெற்கே புருண்டி. முன்னதன் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர். பின்னதன் பரப்பு 27,834. பெல்ஜிய ஆட்சியில் ஒரே நிர்வாகத்தின் கீழிருந்த இவ்விரண்டும் 1962-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ஒருங்கே சுதந்திரம் எய்தின. குன்றுச் சரிவுகளில் வாழை, பீன்ஸ், காப்பி, தேயிலை ஆகியவை பயிராவதும், கையகல நிலத்தை நம்பிப் பெருங்குடும்பங்கள் வாழ்வதும் இரண்டிலும் ஒன்றே.

காட்டுக் கணக்கில்தான் இவை பிரிந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் 2010-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1990-இல் 3,18,000 ஹெக்டேராக இருந்த ருவாண்டாவின் காடு இருபதாண்டுகளில் 4,35,000 ஹெக்டேராகப் பெருகிற்று. அதே காலத்தில் புருண்டியின் காடு 2,89,000 ஹெக்டேரிலிருந்து 1,72,000 ஆகக் குறைந்தது. ஒரு நாடு பெற்றதும் மற்றது இழந்ததும் சரிசமம்: 1,17,000 ஹெக்டேர்!

ஆயினும் இவ்வெண்களைக் கண்டு மயங்கிவிடலாகாது. பிற்கால மதிப்பீடுகளில் இவை திருத்தப்பட்டுள்ளன. அன்றியும், அந்த ஸ்தாபனத்தின் இலக்கணப்படி அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில், ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள் பத்தில் ஒரு பங்கு நிழல் தந்தால் அது காடு. ஆகவே, விறகுக்கென நட்ட யூகலிப்டஸ் தோப்பும் காடே. நூற்றாண்டு கண்ட மழைக்காடும் காடே. ருவாண்டாவில் கூடியது பெரும்பாலும் முன்னதுதான்.

இயற்கைக் காட்டிற்கு அங்கு நேர்ந்த கதிக்குக் கிஷ்வாத்திக் காடே சாட்சி. ஒரு காலத்தில் சுமார் 28,000 ஹெக்டேர் பரந்திருந்த அது, 1980-களில் உலக வங்கியின் உதவியுடன் நடந்த கால்நடை அபிவிருத்தித் திட்டத்திற்காகப் பெரிதும் வெட்டப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் இனப்படுகொலைக்குப் பின் அயல்நாடுகளிலிருந்து மாடுகளுடன் திரும்பிய அகதிகள் எஞ்சிய இடத்தில் குடியேறினர். வேறு போக்கிடமற்ற அவர்களைக் குறை கூற மனம் வரவில்லை. 2002-இல் மிஞ்சியது ஏறக்குறைய 600 ஹெக்டேர். வேர் பிடிப்பற்ற சரிவுகள் மழையில் கரைந்தன. அப்பகுதியினின்று இறங்கும் செபேயா ஆறு 2023 மே மாதத்தில் கரைபுரண்டது. அந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் நாட்டின் மேற்கு, வடக்கு மாகாணங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கிஷ்வாத்தியில் மீண்டும் மரம் வளர்க்கும் பணி நடந்து, 2015-இல் அது தேசியப் பூங்காவாயிற்று.

புருண்டியின் இழப்புக்கு 1993-இல் மூண்ட உள்நாட்டுப் போர் முக்கிய காரணம். முன்னர் பாடுபட்டு நட்ட தோப்புகள் வெட்டப்பட்டன, எரிக்கப்பட்டன. கிபிராப் பெருங்காடு கலகக்காரர்களின் ஒளிவிடமாயிற்று. காவலர் புக இயலாத காட்டில் கோடரி புகுந்தது. போர் ஓய்ந்தாலும் அடுப்பு ஓயவில்லை. இரு நாடுகளிலும் பெரும்பாலான வீடுகளில் உலை கொதிப்பது இன்றும் விறகாலும் கரியாலுமே.

கிபிராவும் ருவாண்டாவின் நியுங்வேயும் உண்மையில் ஒரே காடு. நடுவே எல்லைக்கோடு மட்டும் ஓடுகிறது. நைல், காங்கோ நதிகளின் நீர்ப்பிரிமுகடு நியுங்வேயின் மீதே செல்கிறது. 1997-ஆம் ஆண்டின் வறட்சியில் நியுங்வேயில் பெருந்தீ பரவிற்று. தேனடைகளுக்குப் புகையிட உள்ளே சென்றோரின் தீப்பந்தமும் இத்தகைய தீக்கு ஒரு காரணமெனக் கண்டனர். தடை மட்டும் விதித்திருந்தால் இரவில் திருட்டுத்தனமாகச் சென்றிருப்பர். மாறாக, தேன் எடுப்போர் சங்கங்களாகச் சேர்க்கப்பட்டு, காட்டோரத்தில் பெட்டிகள் வைத்துத் தேனீ வளர்க்கலாயினர். பிடித்த தேனைச் சங்கத்தின் வழியே விற்றனர். இது நம் அங்கத்தினர்கள் உற்றுநோக்கத் தக்க செய்தி.

பூங்காக்களைக் காண வருவோர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கை அண்டைக் கிராமங்களுக்கு அளிக்கும் ஏற்பாட்டையும் ருவாண்டா அரசாங்கம் 2005-இல் தொடங்கிற்று. முதலில் நூற்றுக்கு ஐந்தாக இருந்த அப்பங்கு, 2017-இல் பத்தாக உயர்த்தப்பட்டது. பள்ளிக் கட்டடம், குடிநீர், சங்கங்களின் தொழில் முதலியவற்றிற்கு அப்பணம் செல்கிறது.