கசினோவுக்காகத் தகர்க்கப்பட்ட கடற்கரை மாளிகை
அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள அட்லாண்டிக் சிற்றி, 1854இல் ரயில் பாதை வந்த பின்னரே உல்லாசபுரியாக வளர்ந்தது. விடுதிகளுக்குள் மணல் வருவதைத் தடுக்க 1870இல் போடப்பட்ட பலகை நடைபாதை, பின்னர் நகரின் அடையாளமானது. அதன் ஓரத்தில் கட்டடக் கலைஞர் வில்லியம் பிரைஸ் 1906இல் எழுப்பிய பிளென்ஹெய்ம் ஹோட்டல், அக்காலத்தில் புதுமையாயிருந்த கம்பி பொதிந்த கொங்கிறீட்டால் ஆனது. கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய குவிமாடம். அவரது கைவண்ணமான ட்ரேமோர் ஹோட்டலும் அதே கரையில்தான் நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், காரும் விமானமும் பயணிகளை வேறு இடங்களுக்குக் கொண்டுசென்றன. ட்ரேமோர் 1972இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நலிந்த நகரை மீட்கவென 1976இல் மாநில மக்கள் கசினோவுக்கு வாக்களித்தனர். ஆனால் 1978இல் பிளென்ஹெய்ம் தகர்க்கப்பட்டதும் ஒரு கசினோவுக்காகத்தான். பக்கத்திலிருந்த பழைய டென்னிஸ் ஹோட்டல் தப்பியது. புதிய கசினோவுக்கு அறைகள் தேவைப்பட்டன.