சாம்பலா, மேகமா?

வில்லியனூரிலிருந்து ஏறத்தாழ நேர் கிழக்கே, கடல் கடந்து சுமார் 1,500 கிலோமீட்டர் போனால் பேரன் தீவு. இந்தியாவில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை அதுதான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991இல் மறுபடி சீறியது. அதன்பின் விட்டுவிட்டுக் குமுறுகிறது. அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. ஆளில்லாத தீவை விண்ணிலிருந்து கண்காணிப்பானேன்? நியாயமான கேள்விதான். ஆனால் எரிமலையின் ஆபத்து மலையடிவாரத்தோடு நிற்பதில்லை. 1982 ஜூன் 24 இரவு, இந்தோனேசியாவின் கலுங்குங் கக்கிய சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. விமான ரேடார் மழைத்துளியைத் தேடும் கருவி. உலர்ந்த நுண்துகள் அதில் படவில்லை. எரிமலைச் சாம்பல் பொடியான பாறையும் கண்ணாடியும். வில்லியனூர்ச் சுடுமண் சூளையில் சூடு மிஞ்சினால் மண் உருகிப் பளபளப்பதுபோல, அதுவும் எஞ்சினுக்குள் உருகி உள்ளே ஒட்டிக்கொள்கிறது. கீழே இறங்கி, சாம்பலை விட்டு விலகியபின் எஞ்சின்கள் மறுபடி இயங்கியதால் அன்று பயணிகள் பிழைத்தார்கள்.

அப்படியானால் மேலிருந்து படம் பிடித்தால் போதாதா? போதாது. மெல்லிய சாம்பல் படலம் படத்தில் சாதாரண மேகம் மாதிரியே இருக்கும். இரவிலோ அதுவும் தெரியாது. வேலைக்கு ஆவது வெப்பக் கதிர்தான். இன்சாட்-3டிஎஸ் போன்ற செயற்கைக்கோள்கள் அதை 11 மைக்ரோமீட்டர், 12 மைக்ரோமீட்டர் அருகே தனித்தனியாக அளக்கின்றன. தரையிலிருந்து எழும் வெப்பம் நீர்த்துளியோ பனித்துகளோ நிறைந்த மேகத்தைக் கடக்கையில் 12இல் கூடுதலாகக் குறையும். சிலிக்கா நிறைந்த சாம்பலைக் கடக்கையில் 11இல் கூடுதலாகக் குறையும். 11இன் வெப்பநிலையிலிருந்து 12இனுடையதைக் கழித்துப் பார்த்தால், மேகத்துக்குப் பெரும்பாலும் கூட்டல் குறி, சாம்பலுக்குக் கழித்தல் குறி. இவ்வளவு எளிய கணக்குத்தான். பகல் இரவு பேதமும் இல்லை. 2025 நவம்பர் 23இல் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி வெடித்தபோது, செங்கடலும் அரபிக் கடலும் தாண்டி வந்த சாம்பலை இப்படித்தான் தொடர்ந்து பார்க்க முடிந்தது. மறுநாளே அது குஜராத், ராஜஸ்தான் வழியாக டெல்லிப் பக்கம் வந்தது. சில விமானங்கள் ரத்தாயின.

இந்தக் கழித்தல் கணக்கு எப்போதும் பலிக்கும் என்று நம்புவது தவறு. வெடித்த புதிதில் புகைத்தூண் மிகத் தடித்திருப்பதால் இரண்டு அலைநீளங்களிலும் ஒன்றுபோலவே காட்டும். சாம்பல்மேல் பனி படிந்தால் குறியே மாறிவிடும். பருவமழை மேகம் மேலே மூடிக்கொண்டால் பேரன் தீவின் சிறு குமுறல் கண்ணில் படாமலே போகலாம். இதற்காகச் செயற்கைக்கோளைத் தள்ளிவைக்க முடியாது. தீவில் காவல் இருக்க ஆளில்லை. கந்தக டை ஆக்சைடைப் புற ஊதாக் கதிரில் தேடும் கருவிகள் ஓரளவு கைகொடுக்கின்றன, ஆனால் அவற்றுக்கு வெயில் வேண்டும். ஆகவே பேரன் தீவையும் கவனித்துவரும், ஆஸ்திரேலியாவின் டார்வினில் உள்ள எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையம், செயற்கைக்கோள் படங்களோடு, அவ்வழியே பறக்கும் விமானிகள் கண்ணால் கண்டு சொல்வதையும் இன்றும் கேட்டு வாங்கிக்கொள்கிறது.