ஆவியாய்ப் போகும் அறிவிப்புகள்



மிதிவண்டி வாங்கப் பணத்துடன் கடைக்குப் போகிறீர்கள். எதிர்க்கடைக்காரர் உங்களை அழைத்து, "இரண்டு மாதம் பொறுங்கள், இதைவிடச் சிறந்த வண்டி வரப்போகிறது" என்கிறார். நீங்கள் வீடு திரும்பிவிடுகிறீர்கள். அவரிடம் வண்டியே இல்லை. ஆனால் முதற்கடையின் வியாபாரம் நின்றுவிட்டது அல்லவா?

கணிப்பொறி உலகிலும் இது நடப்பதுண்டு. அறிவித்து நெடுங்காலமாகியும் வெளிவராத மென்பொருளை அமெரிக்கர்கள் 'வேப்பர்வேர்' என்பர். 'வேப்பர்' என்றால் ஆவி. 1980-களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்த சொல் இது.

ஆவிக்கு இரண்டு கதி உண்டு. குளிர்ந்து நீராகலாம், காற்றில் கலந்து மறைந்தும் போகலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1983 நவம்பரில் 'விண்டோஸ்' மென்பொருளை அறிவித்தது. அது விற்பனைக்கு வந்ததோ 1985 நவம்பரில்! தாமதமானாலும் இந்த ஆவி நீராயிற்று. அதே 1983-இல் ஒவேஷன் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனமும் ஒரு மென்பொருளை அறிவித்துப் பரபரப்பூட்டியது. பொருள் வெளிவராமலேயே 1984-இல் நிறுவனம் நொடித்துப்போயிற்று.

இதனால் யாருக்கு நட்டம்? விசிகார்ப் நிறுவனத்தின் 'விசி ஆன்' 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் விண்டோஸ் அறிவிப்பு வந்திருந்தது. வாங்க நினைத்தவர்கள் காத்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. விசி ஆன் தோற்றதற்கு அதன் விலையும், அன்று அரிதாயிருந்த 'ஹார்டு டிஸ்க்' அதற்குத் தேவைப்பட்டதும் காரணங்களே. எனினும், கையில் இருக்கும் பொருள் வெறும் சொல்லோடு போட்டியிட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் தாமதமெல்லாம் பொய்யா? இல்லை. பல்லாயிரம் வரிகள் கொண்ட நிரலில் எங்கே பிழை ஒளிந்திருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல எவராலும் இயலாது. முடியும் என்று நம்பி நாள் குறித்தவர் தவறினால், அது கணிப்பில் நேர்ந்த பிழை. முடியாது என்று தெரிந்தும், பிறர் விற்பனையைத் தடுக்கவே நாள் குறித்தால் அது பொய். அறிவித்த அன்று அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே கேள்வி.

வெர்னியர் அளவியால் அளந்து 2.45 ± 0.01 செ.மீ. என்று எழுதுகிறீர்கள். அளவோடு அதிலுள்ள ஐயத்தையும் சொல்வதே அறிவியலின் நேர்மை. நிறுவனங்களும், "பாதி வேலை முடிந்தது, ஓராண்டும் ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம்" என்று சொல்லலாமே!

செய்தோம், செய்கிறோம், செய்வோம் என முக்காலமும் தமிழில் உண்டு. இனி இத்தகைய அறிவிப்பைப் படிக்கும்போது, அதன் வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.