ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா? கோவையில இருந்து கனெக்டிங் ஃபிளைட் ஏறப் போறவங்களுக்கு

அட்மிட் வந்தாச்சு. லோன் சாங்ஷன் ஆயாச்சு. விசாவும் கைக்கு வந்தாச்சு. அடுத்து டிக்கெட். இங்கதான் நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கு. பீளமேடு ஏர்போர்ட்ல இருந்து ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ நேரடி விமானம் கிடையாது. வெளிநாட்டு விமானம்னு பார்த்தா ஷார்ஜா, சிங்கப்பூர்னு விரல் விட்டு எண்ணிடலாம். ஆக நீங்க ஈரோடோ, திருப்பூரோ, பொள்ளாச்சியோ, எந்த ஊரா இருந்தாலும் நடுவுல ஒரு இடத்துலயாவது இறங்கி ஏறித்தான் ஆகணும்.

டிக்கெட் தேடும்போது எல்லாரும் பார்க்கிறது ரெண்டு விஷயம்: விலை, மொத்த நேரம். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இறங்கி ஏறுற அந்த இடத்துல உங்க பெட்டிக்கும், உங்க நேரத்துக்கும் யார் பொறுப்பு? விமான நிறுவனமா, நீங்களா? இதுக்கு விடை தெரிஞ்சா மத்த எல்லாமே தானா தெளிவாகிடும்.

முதல்ல இதைப் பாருங்க

கோவை–மும்பை–ஃபிராங்ஃபர்ட் முழுக்க ஒரே டிக்கெட்டா வாங்கினா, உங்களைக் கடைசி ஊர்ல கொண்டுபோய்ச் சேர்க்கிறதா நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருக்குன்னு அர்த்தம். கோவை விமானம் லேட்டாகி மும்பையில அடுத்ததை விட்டுட்டா, வேற விமானத்துல இடம் தர்றது அவங்க வேலை. புது டிக்கெட்டுக்கு நீங்க காசு கட்ட வேண்டியதில்லை.

கோவை–மும்பை தனியா, மும்பை–ஃபிராங்ஃபர்ட் தனியா வாங்கினா அது ரெண்டு ஒப்பந்தம். முதல் விமானம் லேட் ஆனதுக்கும் ரெண்டாவது நிறுவனத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவங்க கணக்குல நீங்க வராத பயணி, அவ்வளவுதான். கடைசி நேர டிக்கெட்டை முழு விலைக்கு மறுபடி வாங்கணும்.

சில புக்கிங் தளங்கள் ரெண்டு தனி டிக்கெட்டை ஒட்டி, ஒரே பேமென்ட்ல வித்துடும். "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்"னு சின்ன எழுத்துல எங்கேயாவது போட்டிருக்கும். ஒரே தடவை காசு கட்டினதால அது ஒரே டிக்கெட் ஆகிடாது. இ-டிக்கெட் எண்ணைப் பாருங்க. அது 13 இலக்கம், முதல் மூணு இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தோட குறியீடு (ஏர் இந்தியான்னா 098). எல்லாக் கட்டத்துக்கும் அதே எண் இருந்தா ஒரே டிக்கெட்.

ஒரே டிக்கெட்டுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. "கோவை–பெங்களூர் ஃபிளைட்டை விட்டுடலாம், நைட் பஸ்ல பெங்களூர் போய் அங்க ஏறிக்கலாம்"னு யாராவது ஐடியா கொடுத்தா கேட்காதீங்க. முதல் கட்டத்துல ஏறலைன்னா பொதுவா மீதி டிக்கெட் முழுசும் கேன்சல் ஆகிடும்.

எடையில ஒளிஞ்சிருக்கிற செலவு

ஐரோப்பிய டிக்கெட்ல தலா 23 கிலோவுக்கு ரெண்டு பெட்டி அனுமதின்னு வெச்சுக்குவோம். மொத்தம் 46 கிலோ. ஒரே டிக்கெட்னா பொதுவா இதே அளவு கோவை–மும்பை கட்டத்துக்கும் பொருந்தும். தனி டிக்கெட்னா உள்நாட்டு விமானத்துல வழக்கமான அளவு 15 கிலோதான். மீதி 31 கிலோ எக்ஸ்ட்ரா. கிலோவுக்கு 500 ரூபாய்னு வெச்சாலும் 15,500 ரூபாய் போச்சு. தனித்தனியா வாங்கினா ஏழாயிரம் மிச்சம்னு சந்தோஷப்பட்டவங்க, கவுண்டர்ல அதுக்கு ரெண்டு மடங்கு கட்டிட்டு நிப்பாங்க. விலையை ஒப்பிடும்போது இந்த எடைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்க.

பெட்டியில ஒட்டுற அந்த டேக்

செக்-இன் கவுண்டர்ல பெட்டி கைப்பிடியில சுத்தி ஒட்டுற டேக்ல 10 இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் டேக்கோட வகை, அடுத்த மூணு நிறுவனத்தோட குறியீடு, கடைசி ஆறு உங்க பெட்டிக்கான வரிசை எண். டேக் அச்சாகும்போதே "இந்த எண், இந்தப் பயணி, இந்த இந்த விமானங்கள்"னு ஒரு செய்தி வழியில இருக்கிற ஏர்போர்ட் கம்ப்யூட்டர்களுக்குப் போகும். மாறுற ஏர்போர்ட்ல பெட்டி பெல்ட்ல ஓடும்போது ஸ்கேனர் பார்கோடைப் படிக்கும், அந்தச் செய்தியோட பொருத்திப் பார்க்கும், சரியான பாதைக்குத் திருப்பிவிடும்.

இதுல இருந்து நமக்கு ரெண்டு பாடம். ஒண்ணு, போன தடவை ஒட்டின பழைய டேக், குட்டி பார்கோடு ஸ்டிக்கர் எல்லாத்தையும் கிழிச்சுடுங்க. ஸ்கேனர் பழைய எண்ணைப் படிச்சா பெட்டி தனியா ஒதுக்கப்படும், ஆள் வந்து கையில பார்க்கணும். ரெண்டு, டேக்ல பெரிய எழுத்துல இருக்கிற கடைசி ஊர் எதுன்னு கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடி படிங்க. ஃபிராங்ஃபர்ட் போறவருக்கு அங்க எஃப்ஆர்ஏ இருக்கணும். மும்பைக்கான பிஓஎம் மட்டும் இருந்தா மும்பையில நீங்கதான் பெட்டியை எடுக்கணும்.

நீங்க ஏறாத விமானத்துல உங்க பெட்டி போகாது. இந்த விதிக்குப் பின்னாடி ஒரு சோகம் இருக்கு. 1985 ஜூன் 23 அன்னிக்கு ஏர் இந்தியாவோட கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேல வெடிச்சு 329 பேர் இறந்தாங்க. குண்டு இருந்த பெட்டி வான்கூவர்ல செக்-இன் ஆகி, கனெக்டிங் விமானம் வழியா மாத்தப்பட்டது. பெட்டியைக் கொடுத்தவர் விமானத்துல ஏறவே இல்லை. பயணியையும் பெட்டியையும் பொருத்திப் பார்க்கிற நடைமுறை உலகம் முழுக்க இறுகினது அதுக்கு அப்புறம்தான். நீங்க கேட்டுக்கு வரலைன்னா விமானத்தை நிறுத்தி உங்க பெட்டியைத் தேடி இறக்குறது இதனாலதான்.

எங்க நீங்களே பெட்டியை எடுக்கணும்?

ஒரே டிக்கெட், டேக்ல கடைசி ஊர். இருந்தாலும் சில இடத்துல பெட்டியைக் கையில எடுத்தே ஆகணும்.

அமெரிக்கா: முதல்ல இறங்குற அமெரிக்க ஏர்போர்ட்லயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி பெல்ட்ல போடணும். கோவை–டெல்லி–நியூயார்க்–டல்லாஸ்னா நியூயார்க்ல இந்த வேலை. அபுதாபி வழியா போனா அமெரிக்க இமிகிரேஷனும் கஸ்டம்ஸும் அபுதாபியிலயே முடிஞ்சுடும்.

ஐரோப்பா: ஷெங்கன் நாடுகள்ல இமிகிரேஷன் முதல் ஏர்போர்ட்ல நடக்கும், பெட்டி கடைசி ஊருக்கே போயிடும். ஃபிராங்ஃபர்ட்ல இறங்கி பெர்லின் போறவர் பாஸ்போர்ட் வரிசைக்கு நேரம் ஒதுக்கணும், பெட்டிக்கு இல்லை.

திரும்பி வரும்போது இந்தியா: மும்பையிலயோ டெல்லியிலயோ இறங்கி கோவை வர்றீங்கன்னா, பொதுவா முதல்ல இறங்குற இந்திய ஏர்போர்ட்ல பெட்டியை எடுத்து கஸ்டம்ஸ் தாண்டி, டிரான்ஸ்ஃபர் கவுண்டர்ல மறுபடி கொடுக்கணும். டேக்ல சிஜேபி இருக்குன்னு நம்பிப் போயிடாதீங்க. வீட்டுல பலகாரத்தோட காத்துட்டிருப்பாங்க, நீங்க மட்டும் வந்து நிப்பீங்க.

இடைவெளி எவ்வளவு வேணும்?

ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் குறைந்தபட்ச மாறும் நேரம்னு ஒண்ணு உண்டு, சுருக்கமா எம்சிடி. ஃபிராங்ஃபர்ட்டுக்கு அது 45 நிமிஷம். இதுக்குக் குறைவா ஒரே டிக்கெட்ல விக்க மாட்டாங்க. ஆனா அது எல்லாம் சரியா நடந்தா போதுமான நேரம். நீங்க ஓடிப்போய் கேட்டைப் பிடிச்சுடலாம். பெட்டி ஓடாது. இறக்கி, பிரிச்சு, வண்டியில ஏத்தி, அடுத்த விமானத்துல அடுக்கணும். சிடா நிறுவனத்தோட கணக்குப்படி 2024-ல உலக அளவுல ஆயிரம் பயணிகளுக்கு 6.3 பெட்டிகள் தவறிப்போச்சு. அதுல 41 சதவீதம் விமானம் மாறும்போதுதான். அதனால ஒரே டிக்கெட்னாலும் வெளிநாட்டு மாற்றத்துக்கு ரெண்டரை, மூணு மணி நேரம் இருக்கிற மாதிரி எடுங்க.

தனி டிக்கெட்னா கணக்கே வேற. மும்பையையே எடுத்துக்குவோம். அங்க டி1 சாந்தாக்ரூஸ் பக்கம், டி2 சஹார் பக்கம். ரெண்டுக்கும் நடுவுல மும்பை டிராஃபிக். பெட்டி வர அரை மணி, டெர்மினல் மாற ஒரு மணி, அப்புறம் செக்-இன் வரிசை, இமிகிரேஷன், செக்யூரிட்டி. கவுண்டரை விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிடுவாங்க. உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரம் லேட்டானாலும் சமாளிக்கணும்னா ஆறு மணி நேரத்துக்குக் குறையாம வேணும்.

இன்னொரு பொறி ஷார்ஜா. "கோவை–ஷார்ஜா டிக்கெட் சீப், துபாய் பக்கத்துலதான் இருக்கு, அங்க போய் அடுத்ததைப் பிடிக்கலாம்"னு தோணும். ஆனா ஒரு ஏர்போர்ட்டை விட்டு இன்னொண்ணுக்குப் போக அந்த நாட்டுக்குள்ள நுழையணும், அதுக்கு விசா வேணும். லண்டன்ல ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராம மாறினாலே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேட்பாங்க. அமெரிக்கா, கனடா மாதிரி சில நாட்டு விசா கையில இருந்தா விலக்கு உண்டு. டிக்கெட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி, நடுவுல வர்ற ஒவ்வொரு நாட்டோட தூதரகத் தளத்துலயும் இதைப் பார்த்துடுங்க.

கொச்சி வழியும் யோசிக்கலாம். நெடும்பாசேரியில இருந்து எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் இருக்கு. துபாய் அல்லது தோஹா ஒரே மாற்றத்துல முடிஞ்சுடும். குதிரான் சுரங்கப்பாதை 2021-ல திறந்த பிறகு திருச்சூர் ரோடும் முன்னைக்கு இப்போ பரவாயில்லை. ஆனா வாளையார்ல டிராஃபிக் ஜாம் ஆனா அதுக்கு எந்த ஏர்லைனும் பொறுப்பு இல்லை. அந்த ரோடு தூரம் முழுக்க உங்க சொந்தப் பொறுப்பு, அதனால நேரத்தோட கிளம்புங்க.

எதை எதுல வைக்கிறது?

பெட்டி ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் உங்களால சமாளிக்க முடியணும். அதுதான் அளவுகோல். ஒரிஜினல் மார்க்‌ஷீட், அட்மிஷன் லெட்டர், லோன் பேப்பர், லேப்டாப், மாத்திரை, சார்ஜர், அடாப்டர், ரெண்டு செட் துணி, குளிர்காலம்னா ஜாக்கெட் எல்லாம் கையோட இருக்கட்டும். நெய், ஊறுகாய், தேங்காய் எண்ணெய் பெரிய பெட்டிக்கு. வெளிநாட்டுல மாறும்போது மறுபடி செக்யூரிட்டி வரும். 100 மில்லிக்கு மேல இருக்கிற பாட்டிலைப் பல ஏர்போர்ட்ல குப்பையில போடச் சொல்லிடுவாங்க.

பவர் பேங்க் பெரிய பெட்டியில போகவே கூடாது, கைப்பையில மட்டும். அளவு 100 வாட்-அவர் வரைக்கும். கணக்கு சுலபம்: மில்லி ஆம்பியர்-அவரை 3.7-ஆல பெருக்கி ஆயிரத்தால வகுங்க. 20,000-ன்னா 74, பிரச்சினை இல்லை. 30,000-ன்னா 111, நிறுவனத்தோட அனுமதி வேணும். எமிரேட்ஸ்ல 2025 அக்டோபர்ல இருந்து ஒண்ணே ஒண்ணுதான், அதையும் விமானத்துக்குள்ள பயன்படுத்தக் கூடாது.

நம்ம பக்கத்துக்காரங்க முக்கியமா கவனிக்க வேண்டியது கொப்பரை. காங்கேயத்துல இருந்து பாட்டி கொடுத்துவிட்டாங்கன்னு பெட்டியில போட்டா ஸ்கேன்ல நிறுத்திடுவாங்க. கொப்பரையில இருக்கிற எண்ணெய் காத்தோட வினைபுரிஞ்சு தானா சூடாகும் தன்மை உள்ளது. அதனால ஆபத்தான சரக்குப் பட்டியல்ல இருக்கு. அதே மாதிரி கசகசா. யுஏஇ, சிங்கப்பூர் ரெண்டு இடத்துலயும் அதுக்குத் தடை.

பெட்டி வரலைன்னா

பெல்ட் நின்னுடுச்சு, உங்க பெட்டி மட்டும் இல்லை. ஹாலை விட்டு வெளிய வராதீங்க. அங்கேயே பேகேஜ் கவுண்டர்ல பிஐஆர்னு ஒரு புகார் எழுதி, அதோட எண்ணை வாங்குங்க. போர்டிங் பாஸ்ல ஒட்டின டேக் துண்டு அப்போ வேணும், அதனால கடைசி வரைக்கும் தூக்கிப் போடாதீங்க. பெட்டியோட போட்டோ ஃபோன்ல இருந்தா இன்னும் நல்லது.

சர்வதேசப் பயணத்துக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். இந்தியா 2009-ல இதுல சேர்ந்தது. பெட்டி உடைஞ்சிருந்தா கைக்கு வந்த 7 நாளுக்குள்ள, தாமதமா வந்தா கைக்கு வந்த 21 நாளுக்குள்ள எழுத்துல கொடுக்கணும். 21 நாள் ஆகியும் வரலைன்னா தொலைஞ்சதா எடுத்துக்கிட்டு நஷ்டஈடு கேட்கலாம். உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28-ல இருந்து 1,519 எஸ்டிஆர், நம்ம காசுல ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல. உண்மையான நஷ்டத்தைக் காட்டணும், அதனால அவசரத்துக்கு வாங்கின துணி, செருப்பு பில்லையெல்லாம் பத்திரமா வைங்க.

கிளம்புற அன்னிக்கு பீளமேடு கவுண்டர்ல மூணே கேள்வி கேளுங்க: "பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுதுங்களா? நடுவுல எங்கயாவது நான் எடுக்கணுங்களா? அடுத்த விமானத்துக்கும் போர்டிங் பாஸ் இப்பவே கிடைக்குங்களா?" பின்னாடி வரிசையில நிக்கிறவங்க உச்சு கொட்டினாலும் பரவாயில்லை. விடையை வாங்கிட்டு, டேக்கை ஒரு தடவை நீங்களே படிச்சுட்டு, அப்புறம் அப்பா அம்மாவுக்குக் கை காட்டிட்டு உள்ள போங்க.